மேனேஜருக்குக் குடை

லிஃப்ட்காரர் கறுப்புக் குடையோடு தெருவில் இறங்கினால், புதிதாகக் குடிவந்தவர்கள் ஓடிப்போய்க் கொடியில் காயும் துணிகளை எடுத்துவிடுவார்கள். பழைய ஆட்கள் அசைய மாட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். மனிதர் குடையை விரித்து, தன் தலைக்குப் பிடிக்காமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து கையைத் தாழ நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். குடைக்குக் கீழே ஒரு பழுப்பு நாய் நிற்கும். இந்த ஏற்பாட்டைப் பற்றி நாய்க்குத் துளி வெட்கம் கிடையாது. வெட்கமெல்லாம் லிஃப்ட்காரரின் மனைவிக்குத்தான்.

நாய் வேண்டும் என்று அழுதது மகள். சோறு தண்ணீர் இறங்காமல் அழுதாள். குட்டி வந்து சேர்ந்து, வீட்டிலிருந்த செருப்புகளில் பாதியைத் தின்று தீர்ப்பதற்குள் அவளுக்கு வெளியூரில் படிக்க இடம் கிடைத்தது. போனாள், படித்தாள், வேலை, கல்யாணம் என்று அங்கேயே இருந்துவிட்டாள். இப்போது போனில் கூப்பிட்டால், “என் செல்லம் எப்படி இருக்கு?” என்று கேட்பாள். நாயைத்தான் கேட்கிறாள். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கும் நாய்கள் எல்லாம் கடைசியில் யார் தலையில் வந்து விடியும் என்பது ஊரறிந்த விஷயம். இந்த வீட்டில் அது லிஃப்ட்காரர் தலையில் விடிந்தது.

குட்டி வந்தது அடைமழைக் காலத்தில். விடாமல் கொட்டிய மழையில் அதை ஒன்றுக்குப் பழக்க வேண்டியிருந்தது. லிஃப்ட்காரர் நனைந்தாலும் பரவாயில்லை, குட்டி நனையக் கூடாது என்று அதன் மேல் குடையைப் பிடித்தார். நாலைந்து வாரத்தில் குட்டி நன்றாகப் பழகிவிட்டது. வீட்டுக்குள் ஒரு சொட்டு கிடையாது. பெருமை தாங்காமல் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோது மழை நின்றது. முதல் வெயில் நாளில் குட்டியை வெறுங்கையோடு கூட்டிப்போனார். குட்டி வழக்கமான கம்பத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்தது. கூரையைக் காணோம். அவர் முகத்தைப் பார்த்தது. மறுபடி அண்ணாந்தது. மத்தியானம் வரை இருவரும் அப்படியே நின்றார்கள். கடைசியில் சந்தேகத்தோடு வீட்டுக்குப் போய்க் குடையை எடுத்து வந்து விரித்த கணத்தில் காரியம் நடந்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று மனிதர்களுக்குச் சொல்லிவைத்ததை இந்த நாய் எப்படியோ ஒட்டுக்கேட்டுவிட்டது போலிருக்கிறது. மரத்தடியில் நிறுத்திப் பார்த்தார். கடைப் பந்தலுக்குக் கீழே நிறுத்திப் பார்த்தார். மனைவியின் பூப்போட்ட குடையைப் பிடித்துப் பார்த்தார். நாய் அந்தப் பூக்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தது. கறுப்புக் குடைதான், வேறு பேச்சில்லை. அது கிழிந்தால் அதே மாதிரி இன்னொன்று.

பெயர் மேனேஜர். வந்த நாளிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல், கூடத்தின் நடுவில் படுத்துக்கொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்ததால் அமைந்த பெயர்.

மேனேஜரின் கீழ் லிஃப்ட்காரர் பார்த்த உத்தியோகம் கொஞ்ச நஞ்சமல்ல. விடிந்ததும் நடை. நடை முடிந்ததும் வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து நாலு பாதங்களையும் ஈரத்துணியால் துடைப்பார். காது மடலைப் புரட்டி மோந்து பார்ப்பார். உடம்பு முழுக்க விரலால் துழாவி உண்ணி தேடுவார். பையில் அள்ளியதை அப்படியே குப்பையில் போட்டுவிடுகிற ஆள் அல்ல அவர். கெட்டியா, இளக்கமா, நிறம் என்ன என்று பார்த்து, காலையில் ரொட்டி சாப்பிட உட்காரும்போது மனைவியிடம் அதை ஒப்பிப்பார். பிறகு கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரிலுள்ள லிஃப்டுகளைச் சரிபார்க்கக் கிளம்புவார். சாயங்காலம் மேல் சட்டையில் மசகெண்ணெயோடு வந்து வாசலில் கால் வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, “அவன் சாப்பிட்டானா?”

ஊரையெல்லாம் லிஃப்டில் ஏற்றிவிடுகிறவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதைதான். வீடு மூன்றாம் மாடி. போன வருடம் மேனேஜருக்குப் பின்னங்கால் சுளுக்கியபோது, அதை மூட்டை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி இறங்கினார். நாயின் சுளுக்குச் சரியாகிவிட்டது. இவருக்குக் குடல் இறங்கிவிட்டது.

அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்தார். முதல் நாள் குறித்தபோது மேனேஜருக்கு வயிற்றுப்போக்கு. அடுத்த முறை மேனேஜருக்கு உண்ணிக் காய்ச்சல். அதற்கடுத்த முறை மேனேஜருக்கு மனசு சரியில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “உங்க மேனேஜர்கிட்ட நான் பேசட்டுமா?” என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் அவர் பேசவில்லை, கத்தினார். வேறு வழியில்லாமல் லிஃப்ட்காரர் ஒப்புக்கொண்டார்.

யார் குடை பிடிப்பது என்பதுதான் சிக்கல். மனைவி ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தார். ஊரில் பாதிப் பேர் அவர் சொல்லி வாயைத் திறந்தவர்கள். அந்தப் பாதிப் பேருக்கு முன்னால் நாய்க்குக் குடை பிடித்து நிற்பதற்குப் பயந்தே இத்தனை வருடமும் ஒரு நாள்கூட நடைக்கு வராதவர். ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்று அவர் சொன்னபோது லிஃப்ட்காரர் சொன்னார்:

“எனக்கு அங்க நர்ஸ் இருக்காங்க, டாக்டர் இருக்காரு. அவனுக்கு யார் இருக்கா? நீ வீட்டுல இரு. உங்க அண்ணன் எங்கூட வரட்டும்.”

மனைவி ஆஸ்பத்திரிப் பையிலிருந்து தன் புடவையை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். சோபா மெத்தையை நாயாக வைத்து, குடையை எப்படிப் பிடிப்பது என்று கணவர் கூடத்தில் செய்து காட்டியதையும் பொறுமையாகப் பார்த்தார். “விடுங்க. முரண்டு பிடிக்கிற ஆளுங்களையே தினம் சமாளிக்கிறேன். இது ஒரு நாய்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் லிஃப்ட்காரருக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, காரியத்தை முடித்தார்கள். கண் அயர்ந்து விழித்தபோது பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். நாயைத் தனியாக விட முடியாது என்று தன் மகள் கல்யாணத்துக்கே வராத தங்கை புருஷனை மச்சான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் தங்கை சொன்னதால் வந்திருந்தார்.

“மாப்ளே, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது” என்றார் மச்சான்.

“அவன் போனானா?” என்றார் லிஃப்ட்காரர்.

போகவில்லை. மனைவி விடிந்ததும் கூட்டிப்போயிருக்கிறார். குடையை விரித்துப் பிடித்திருக்கிறார். மேனேஜர் அண்ணாந்து குடையைப் பார்த்தது, குனிந்து கம்பத்தைப் பார்த்தது, கடைசியாகக் குடை பிடித்தவரைப் பார்த்தது. அவ்வளவுதான். மத்தியானமும் அதே கதை. முந்தின சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை.

இதைக் கேட்டதும் லிஃப்ட்காரருக்குத் தையல் போட்ட இடம் மறந்துபோயிற்று. போனை வாங்கிக் காதில் வைத்தார்.

“எந்தக் கையில பிடிச்ச?”

“இடது கையில.”

“வலது கையில பிடி.”

வலது கையிலும் பிடித்தாயிற்று. அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னார். போட்டார். மசகெண்ணெய் வாசமடிக்கும் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு போகச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் மாட்டினார். முழங்கால் வரை தொங்கிய சட்டையோடு, இரண்டு பாதம் கொள்ளும் செருப்போடு, கொளுத்தும் வெயிலில் குடையை நாய்க்கு நீட்டியபடி நின்றபோது, போன வாரம் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்ட அம்மாள் ஒருவர் அந்த வழியாகப் போனார். நின்று பார்த்தார். வணக்கம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நடந்தார். “போப்பா கண்ணு, பயப்படாத, வலிக்காது” என்று மனைவி பழக்கதோஷத்தில் நாயிடம் சொன்னார். மேனேஜர் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

மனைவி நாய் டாக்டருக்குப் போன் போட்டார். அவர் பூசி மெழுகவில்லை. “பொழுது சாயறதுக்குள்ள போகலைன்னா தூக்கிட்டு வந்துடுங்க. மயக்கம் குடுத்து டியூப் போட்டுத்தான் எடுக்கணும். ஆனா வயசான நாய். இதயத்துல வேற கோளாறு இருக்கு. மயக்கத்துல இருந்து எழுந்திரிக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

இதை மனைவி கணவரிடம் மறைக்கவில்லை. மறைத்துப் பழக்கமில்லை. லிஃப்ட்காரர் படுக்கையில் எழுந்து உட்காரப் பார்த்து, வலியில் திரும்பச் சாய்ந்தார்.

“நான் வீட்டுக்குப் போறேன்” என்றார் நர்ஸிடம்.

“போலாம். ஒண்ணுக்குப் போயிட்டீங்களா?”

“யாரு, அவனா?”

“நீங்க.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காலையிலிருந்து அவரும் போகவில்லை. முதுகில் போட்ட ஊசி சிலருக்கு இப்படிச் செய்யும் என்றார் நர்ஸ். அதுவாகப் போனால்தான் வீடு. இல்லையென்றால் இவருக்கும் டியூப் போட்டு, இங்கேயே வைத்திருக்க வேண்டும். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். மச்சான் வெளியே நின்று சீட்டியடித்துப் பார்த்தார். அடிவயிறு கல்லாக இறுகிக்கிடந்ததே தவிர ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து படுத்தவரிடம் பக்கத்துக் கட்டில்காரர், “என்னங்க, போனீங்களா?” என்று விசாரித்தார்.

“என்னை விடுங்க. மேனேஜர் நேத்துல இருந்து போகலை” என்றார் லிஃப்ட்காரர், கண்ணில் நீர் தளும்ப.

பக்கத்துக் கட்டில்காரர் அசந்துபோனார். “இந்தக் காலத்துல மேனேஜருக்காக இப்படி உருகற ஆளை இப்பத்தாங்க பார்க்கிறேன்.”

வெயில் தணிந்தது. தெருவில் மனைவி குடையோடு மறுபடியும் நின்றுகொண்டிருந்தார். மேனேஜரின் கால்கள் நடுங்க ஆரம்பித்திருந்தன. இனி டாக்டரிடம் தூக்கிப்போக வேண்டியதுதான் என்று ஆட்டோவைப் பார்த்துக் கையை உயர்த்தும்போது, எதிர்மாடி பால்கனியிலிருந்து குரல் வந்தது. அங்கே குடியிருந்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். தெருவைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு ஜோலி கிடையாது.

“ஏம்மா! நீங்க அதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நின்னா அது எப்படிப் போகும்? அவரு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாரு!”

மனைவி நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, கையை மட்டும் பின்பக்கம் நீட்டிக் குடையைப் பிடித்தார்.

“ம், அப்படித்தான். அப்புறம் பேசுவாரு.”

“யார்கிட்ட?”

“நாய்கிட்டதான். என்ன பேசுவாருன்னு இங்க கேட்காது. ஆனா வாய் ஓயாது. கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாரு. கொஞ்ச நேரம் பேசினாத்தான் அது காலைத் தூக்கும்.”

மனைவி போனை எடுத்தார். “என்னங்க, நீங்க தினமும் இதுகிட்ட என்ன பேசுவீங்க?”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் லிஃப்ட்காரருக்குக் காது சிவந்துவிட்டது. “நான் எங்க பேசறேன்? சும்மா நிப்பேன்.”

“எதிர்மாடிக்காரர் இத்தனை வருஷமா பார்த்துட்டிருக்காரு. மழுப்பாதீங்க. போனை சத்தமா வெச்சு அது காதுகிட்ட பிடிக்கிறேன். பேசுங்க.”

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “டேய் மேனேஜர், நான்தாண்டா. கண்ணா, போடா.”

“ஓரக்கண்ணால பார்க்கிறேன். வாலை ஆட்டுது. உங்களைத் தேடுது. போகலை. கொஞ்சாதீங்க, தினமும் என்ன சொல்வீங்களோ அதைச் சொல்லுங்க. இருட்டப்போகுது.”

லிஃப்ட்காரர் சுற்றிலும் பார்த்தார். தலைமாட்டில் மச்சான். கால்மாட்டில் நர்ஸ். பக்கத்துக் கட்டில்காரர் இந்தப் பக்கமாக நன்றாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

“அந்த ஆபீஸ் லிஃப்ட் கதவு மறுபடியும் இடிக்குதுடா. எண்ணெய் போட்டா மட்டும் போதாது, உருளையை மாத்துங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். யார் கேட்கிறா?”

“காதைத் தூக்குது” என்றது மனைவியின் குரல்.

“மச்சான் வீட்டுக்கு வந்தா சோபாவுல படுத்துக்கிட்டு, அப்படியே மூணு நாள். நீ படுக்கிற இடம்டா அது.”

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். நர்ஸ் அவர் தோளில் கைவைத்து அடக்கினார்.

“மோந்து பார்க்குது. கம்பத்துக்கிட்ட போகுது. நிறுத்தாதீங்க. வேற என்ன சொல்வீங்க?”

வேறென்ன. நாயிடம் தினமும் கடைசியில் வந்து நிற்கிற பேச்சு ஒன்று உண்டு. அதை மனிதர்கள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்கிற ஆள் இப்போது போனுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சொல்லாவிட்டால் மேனேஜர் பிழைக்காது. போனை வாயோடு இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

“மக போனதுல இருந்து வீட்டுல பேச்சே இல்லடா. பால் இருக்கா, கதவைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தா ‘அப்புறம் சொல்லுங்க’ங்கிறா. களைச்சுப்போயி வர்றா, தப்பில்ல. ஆனா அந்த அப்புறம் வரவே மாட்டேங்குதே. நாள் பூரா தனியா ஒரு பொந்துக்குள்ள தொங்கிக்கிட்டு வேலை செய்யறேன். வீட்டுக்கு வந்தாலும் அப்படியே இருக்குடா. உங்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன்? அவளும் ஒரு நாள் இப்படி நம்மகூட வந்து நின்னா நல்லாத்தான் இருக்கும். கூப்பிடத்தான் எனக்குத் தைரியம் இல்ல.”

போனில், தூரத்தில் எதிர்மாடிக்காரர் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. “போகுது! போகுது! அசையாதீங்கம்மா!”

பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார். நர்ஸும் தட்டினார். மச்சான்கூட இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். மேனேஜர் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் பாக்கி அல்லவா. லிஃப்ட்காரர் முகத்தைப் போர்வையால் துடைத்துக்கொண்டார். மேனேஜர் பிழைத்துவிட்டது. இனி வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

“ஹலோ?” என்றார் மெதுவாக.

“இருக்கேன்” என்றார் மனைவி. “நாய்கிட்ட சொல்லத் தெரியுது. இல்ல?”

“அது வந்து...”

“நீங்க பேசி முடிச்சாச்சு. இப்ப நான் பேசறேன். அப்புறம்னு சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. காலையில வாயில ரொட்டியை வெச்சதும், கெட்டியா இருந்துச்சு, இளக்கமா இருந்துச்சு. அதைக் கேட்டுட்டு யாருங்க உட்கார்ந்து பேசுவா? வாசல்ல கால் வெச்சதும் அவன் சாப்பிட்டானான்னு கேட்பீங்க. நான் சாப்பிட்டேனான்னு கேட்ட நாள் உண்டா? அண்ணன் பொண்ணு கல்யாணத்துல தனியா நின்னேன். அவரு எங்கன்னு கேட்டவங்களுக்கெல்லாம் காய்ச்சல்னு பொய் சொன்னேன். நேத்து என்ன சொன்னீங்க? எனக்கு நர்ஸ் இருக்கா, அவனுக்கு யார் இருக்கான்னா? உங்களை உள்ள கொண்டுபோய்க் கிழிச்ச நேரத்துல நான் தெருவுல குடையோட நின்னேன். உசுர் என்கிட்ட இல்ல தெரியுமா?”

லிஃப்ட்காரர், “ம்” என்றார். அடிவயிற்றில் இறுகிக்கிடந்த கல் லேசாக அசைவதுபோல் இருந்தது. மச்சானைப் பார்த்துக் கையைக் காட்டினார். மச்சான் புரிந்துகொண்டு கைத்தாங்கலாகத் தூக்கினார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒவ்வோர் அடியாக வைத்துக் கழிப்பறைக்குப் போனார். மச்சான் கதவுக்கு வெளியே நின்று, மரியாதையாக முதுகைக் காட்டிக்கொண்டார்.

மனைவி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சமையலறை விளக்கு போன மாதம் கருகியதைச் சொன்னார். தனக்கு மூட்டு வலிப்பதைச் சொன்னார். பல் டாக்டர் சிடுசிடுப்பதைச் சொன்னார். இதில் ஒன்றைக்கூட லிஃப்ட்காரர் இதுவரை கேட்டதில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினார். மூட்டு வலியை மருந்துக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார், தன்னிடம் சொல்லவில்லை என்பதைக் கேட்டபோது அவருக்கு அழுகை வந்தது. கூடவே மற்றதும் வந்தது.

மனைவி பேச்சை நிறுத்தினார். “என்ன சத்தம் அது? நீங்க எங்க இருக்கீங்க?”

அவர் சொன்னார்.

“அட, போயிட்டீங்களா!” மனைவி சிரித்துவிட்டார். அவர் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று லிஃப்ட்காரருக்கு ஞாபகம் இல்லை. “அப்ப சரி, வெச்சிடட்டுமா? முடிஞ்சுதா?”

“அது முடிஞ்சுது” என்றார் லிஃப்ட்காரர். “நீ நிறுத்தாத. மூட்டு எந்தப் பக்கம் வலிக்குது, சொல்லு.”